ஆற அமரத் துறைமுகம் பார்ப்பது எப்படி?

ஒரகடம் வட்டார ஷிப்ட் தம்பதிகளுக்கு ஒரு செயல்முறைக் கையேடு

இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் பிறக்கும் கார்களுக்கு ஒரு கொடுப்பினை உண்டு. வெளிநாட்டுக்கு என்று முத்திரை விழுந்துவிட்டால் போதும். டிரெய்லர் ஏறி, காற்று வாங்கிக்கொண்டே சென்னைத் துறைமுகத்துக்கோ எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கோ போய், வரிசையாக நின்று கடலைப் பார்த்துவிட்டு, கப்பலேறிப் போய்விடும். சுங்குவார்சத்திரத்துச் செல்போனுக்கு மவுசு இன்னும் அதிகம். அது மீனம்பாக்கம் போய் விமானத்தில்தான் பறக்கும். அந்தக் காருக்கு போல்ட் முடுக்கியவரும் இந்தப் போனுக்கு ஸ்க்ரூ போட்டவரும் கணவன் மனைவியாக வல்லம் பக்கம் ஒற்றை அறை வீட்டில் வாடகைக்கு இருக்கிறார்கள். கடலைப் பார்த்து மாதக்கணக்காகிறது. ஒருவரை ஒருவர் வெளிச்சத்தில் பார்த்தே சில நாள் ஆகியிருக்கும்.

இந்தக் கையேடு அவர்களுக்காக. இருவரும் சேர்ந்து ஒரு நாள் முழுக்க அவசரமில்லாமல் சென்னைத் துறைமுகப் பக்கம் சுற்றிவிட்டு வர வேண்டும், அவ்வளவுதான். கேட்க இது சுலபமாகத் தோன்றினால் நீங்கள் ஜெனரல் ஷிப்ட்காரர். தயவுசெய்து பக்கத்தைப் புரட்டிவிடுங்கள்.

படி 1: நாளைப் பிடித்தல்

கடலைவிட நாளைப் பிடிப்பதுதான் கஷ்டம். கணவருக்கு இந்த வாரம் காலை ஏ ஷிப்ட், மனைவிக்கு இரவு சி ஷிப்ட். அவர் கம்பெனி பஸ் ஏறும் நேரத்தில் இவர் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்குவார். முக்கில் இரண்டு பஸ்ஸும் எதிரெதிரே தாண்டும்போது ஜன்னல் வழியாகக் கையசைத்துக்கொள்வதைக் குடும்பம் நடத்துவது என்று சட்டம் ஏற்றுக்கொள்கிறது. பயணக் கையேடு ஏற்றுக்கொள்வதில்லை. வாரம் மாறும்போது ஷிப்டும் மாறும். ஆனால் இரண்டு கம்பெனியும் ஒரே திசையில் மாற்ற வேண்டும் என்று கட்டாயமா என்ன? வீக்-ஆஃபும் அப்படித்தான். இவருக்கு ஞாயிறு என்றால் அவருக்குப் புதன்.

எனவே அரசாங்கத்தை நம்புங்கள். தமிழ்நாட்டில் தொழிற்சாலைகளின் தேசிய, பண்டிகை விடுமுறைகளுக்கென்றே 1958-ல் ஒரு சட்டம் வந்தது. அதன்படி ஆண்டுக்கு 9 நாள் விடுமுறை நிச்சயம். அதில் 5 பண்டிகைக்கு. அந்த ஐந்தும் உங்களுடையவை அல்ல. பொங்கல், தீபாவளி, ஆயுத பூஜை எல்லாம் திருவண்ணாமலைக்கும் விழுப்புரத்துக்கும் சங்கரன்கோவிலுக்கும் எழுதிக்கொடுத்தாயிற்று. நீங்கள் ஊருக்குப் போகாவிட்டால் ஊர் கிளம்பி உங்கள் ஒற்றை அறைக்கு வந்துவிடும்.

மிச்சம் நான்கு: ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2. ஜனவரி 26 காலையில் மெரினா சாலையில் அணிவகுப்பு. ஆகஸ்ட் 15-ல் புனித ஜார்ஜ் கோட்டைப் பக்கம் நெருங்க முடியாது. 1974-லிருந்து அன்று அங்கே கொடியேற்றும் டியூட்டி முதலமைச்சருக்கு. அக்டோபர் 2 சில வருஷம் ஆயுத பூஜையை ஒட்டி வந்து, ஊர்க் கணக்கில் சேர்ந்துவிடும். ஆக, உலகத் தொழிலாளர்கள் எல்லாம் போராடி வாங்கிய மே 1 ஒன்றுதான் மிச்சம். வெயில் மண்டையைப் பிளக்கும். பரவாயில்லை, நாள் கிடைத்ததே.

படி 2: ஓ.டி. அழைப்பைச் சமாளித்தல்

ஏப்ரல் 30 சாயங்காலம் போன் அடிக்கும். சூப்பர்வைசர்.

"தம்பி, நாளைக்கு ஒரு நாள் வந்துடேன். டபுள் சம்பளம். ஷிப்மென்ட் நிக்குது."

இங்கேதான் பலர் விழுந்துவிடுகிறார்கள். டபுள் சம்பளம் என்ற சொல் காதில் பட்டதுமே மனசு வண்டித் தவணையையும் சீட்டுப் பணத்தையும் கூட்டிக் கழிக்க ஆரம்பித்துவிடும். கொஞ்சம் நிதானித்து யோசியுங்கள். ஷிப்மென்ட் என்றால் என்ன? துறைமுகத்தில் ஒரு கப்பல் நிற்கிறது என்று பொருள். நீங்கள் பார்க்கக் கிளம்பிய அதே கப்பல்தான் உங்களைப் போகவிடாமல் தடுக்கிறது. இப்படி நினைத்துக்கொண்டால் மறுப்பது சுலபம்.

"பொண்டாட்டியோட பீச்சுக்குப் போறேண்ணே" என்று உண்மையைச் சொல்லிவிடாதீர்கள். அடுத்த மூன்று மாதத்துக்குக் கேன்டீனில் நீங்கள்தான் தொட்டுக்கொள்ள. மச்சினன் நிச்சயதார்த்தம் என்பது காலம்காலமாகத் தாங்கும் காரணம். ஒரு எச்சரிக்கை: இருவருக்கும் கம்பெனி வேறு வேறாக இருந்தாலும் ஆள் எடுத்துக்கொடுத்த கான்ட்ராக்டர் ஒருவராகவே இருக்கலாம். பொய்யை முன்கூட்டியே பேசி ஒன்றாக்கிக்கொள்ளுங்கள். யாருடைய தம்பிக்கு நிச்சயம், எந்த மண்டபம், என்ன சாப்பாடு என்பது வரை.

படி 3: எடுத்துக்கொள்ள வேண்டியதும் வேண்டாததும்

ஐ.டி. கார்டை வீட்டில் ஆணியில் மாட்டிவிட்டுக் கிளம்புங்கள். பழக்கதோஷத்தில் கழுத்தில் போட்டுக்கொண்டு போனவர்கள், வழியில் எந்த கேட்டைக் கண்டாலும் பஞ்ச் செய்யக் கையை நீட்டியிருக்கிறார்கள்.

ஆயுத பூஜைக்குக் கம்பெனி கொடுத்த பையைத் தவிருங்கள். லோகோ இரண்டு பர்லாங்குக்கு அப்பாலும் தெரியும். நிச்சயதார்த்தத்துக்குப் போன ஆள் கடற்கரையில் என்ன செய்கிறார் என்று கேட்க ஒருவராவது அங்கே இருப்பார்.

போன் மிக முக்கியம். உள்ளே படம் எடுக்கக் கூடாதென்று கேமரா மீது செக்யூரிட்டி ஒட்டிய ஸ்டிக்கர் இன்னும் இருக்கிறதா, பாருங்கள். நகத்தால் மெல்லக் கிளப்பி, பசையைத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்துவிடுங்கள். இதைச் செய்யாதவர்களின் அன்றைய படங்கள் எல்லாவற்றிலும் மனைவிக்குப் பின்னால் கடல் இருக்கும். மனைவி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மஞ்சள் மூட்டம் இருக்கும். அதற்குப் பிறகு நடப்பது இந்தக் கையேட்டின் எல்லைக்குள் வராது.

படி 4: போய்ச் சேருதல்

ஒரகடம் கூட்டுரோட்டிலிருந்து இரண்டு வழி. படப்பை வழியாகத் தாம்பரம், அல்லது தெற்கே சிங்கப்பெருமாள்கோவில். இரண்டு இடத்திலும் மின்சார ரயில் ஏறலாம். வழியில் சாதாரண நகரப் பேருந்து கிடைத்தால் மனைவிக்கு டிக்கெட் கிடையாது, கணவருக்கு உண்டு. ரயிலில் இருவருக்கும் சமத்துவம்: தாம்பரத்திலிருந்து பீச் வரை தலைக்கு 10 ரூபாய். 1931-லிருந்து மின்சாரத்தில் ஓடும் தடம் இது.

உட்கார இடம் கிடைத்த மறுநிமிடம் இருவருக்கும் கண் சொருகும். எதிர்த்துப் போராடாதீர்கள். இந்தத் தடத்தின் பெரிய சௌகரியமே, பெரும்பாலான வண்டிகளுக்குப் பீச்தான் கடைசி நிலையம் என்பது. தவறிப்போய் எங்கும் இறங்கிவிட முடியாது. ஆனால் ஒரு விதி: ஒரே நேரத்தில் தூங்க வேண்டும். ஒருவர் தூங்கி ஒருவர் விழித்திருந்தால் அது வீட்டில் நடப்பதேதான். அதற்கு டிக்கெட் எடுப்பானேன்?

படி 5: துறைமுகத்தைப் பார்த்தல்

பீச் ஸ்டேஷனில் இறங்கி, "மாமா, பீச் எங்க?" என்று கேட்பது இயல்பு. பீச் கிடையாது. ஒரு பக்கம் ராஜாஜி சாலை, மறுபக்கம் துறைமுகத்தின் மதில், அதற்கு மேலே கிரேன்களின் தலை. உள்ளே பாஸ் இல்லாமல் விடமாட்டார்கள். கேட்டில் நிற்கும் பாதுகாப்புப் படைக்காரரைப் பார்த்ததும் உங்களுக்குக் கம்பெனி ஞாபகம் வரும். வந்தால் உடனே அடுத்த பத்திக்குப் போய்விடுங்கள்.

இங்கே கணவர் தன் மதிப்பைக் காப்பாற்றிக்கொள்ள வரலாறு சொல்லலாம். பழைய சென்னையில் கோட்டைச் சுவர் அருகிலேயே அலை அடித்தது. கப்பல்கள் தொலைவில் நங்கூரம் போட, மசூலாப் படகில்தான் ஆளும் சரக்கும் கரை சேர்ந்தன. 1881 வாக்கில் கடலுக்குள் இரண்டு கைகள் போலக் கல்சுவர் நீட்டித் துறைமுகம் கட்டினார்கள். அதே ஆண்டு நவம்பரில் வந்த புயல் அதைப் பிய்த்துப் போட்டது. மறுபடி கட்டினார்கள். இந்தக் கரையோரம் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். சுவர் அதை மறித்ததும் தெற்கே மணல் மேடிட்டு மெரினா அகலமானது. மணல் வரத்து நின்றுபோன வடக்கே ராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கம் கடல் கரையைத் தின்னத் தொடங்கியது. இன்றைக்கும் அங்கே பாறாங்கல் கொட்டித்தான் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்கள். ஒருத்தர் டார்கெட் முடித்தால் அடுத்த ஸ்டேஷன்காரருக்கு என்ன ஆகும் என்பது லைனில் நிற்கும் உங்களுக்குத் தெரியாததா?

இன்னொரு தகவலும் கைவசம் இருக்கட்டும். 1912-ல் இந்தத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்துக்கு ஒரு குமாஸ்தா சேர்ந்தார். கணக்குப் பிரிவு. கம்பெனிக் கணக்கோடு சொந்தக் கணக்கும் போட்டார். சொந்தக் கணக்கு என்றால் உலகமே திரும்பிப் பார்த்த கணக்கு. பெயர் சீனிவாச ராமானுஜன். அவருடைய மேலதிகாரி நாராயண ஐயரும் துறைமுகத் தலைவர் பிரான்சிஸ் ஸ்ப்ரிங்கும் அவரைக் கூப்பிட்டு விளக்கம் கேட்டு மெமோ கொடுக்கவில்லை, ஊக்கப்படுத்தினார்கள். இதை உங்கள் ஹெச்.ஆரிடம் சொல்லிப் பார்க்க வேண்டாம்.

படி 6: கோட்டை

பக்கத்திலேயே புனித ஜார்ஜ் கோட்டை. உள்ளே இருக்கும் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. 2026-ல் மே 1 வெள்ளிக்கிழமை. வருத்தப்படாதீர்கள். அருங்காட்சியகத்துக்கு 52 வாரமும் ஒரே நாளில் வீக்-ஆஃப் என்பதைக் கொஞ்சம் பொறாமையோடு வெளியே நின்று ரசியுங்கள். அந்தக் கட்டடத்தின் உச்சியில்தான் 1796-ல் சென்னையின் முதல் கலங்கரை விளக்கு எரிந்தது. 1844-ல் பக்கத்தில் ஒரு கல்தூணுக்கு மாற்றல். 1894-ல் ஹைகோர்ட் கோபுரத்துக்கு. 1977-ல் மெரினாவுக்கு. நூற்றெண்பது வருஷத்தில் நான்கே போஸ்டிங். அத்தனையிலும் அதற்கு நைட் ஷிப்ட்தான். அலவன்ஸ் கேட்டதாகத் தகவல் இல்லை.

கோட்டைக்குள் 1680-ல் கட்டி முடித்த செயின்ட் மேரிஸ் தேவாலயம் இருக்கிறது. ராபர்ட் கிளைவ் 1753-ல் கல்யாணம் செய்துகொண்டது இங்கேதான். இந்த இடத்தில் மனைவி உங்கள் கல்யாணத்தின்போது எத்தனை நாள் லீவு தந்தார்கள் என்ற பேச்சை எடுக்கக்கூடும். நிழல் பார்த்து உட்கார்ந்து கேளுங்கள். குறுக்கே பேசாதீர்கள்.

சொல்ல மறந்த குறிப்பு: முதல் ஒரு மணி நேரம் இருவருக்கும் பேசவே எதுவும் இருக்காது. கேஸ் எப்போது வரும், தண்ணீர் கேன் சொல்லியாயிற்றா என்பதோடு பேச்சு நின்றுவிடும். பயப்பட வேண்டாம், கோளாறு எதுவும் இல்லை. ரொம்ப நாள் நிறுத்தி வைத்த லைன் ஓடத் தொடங்க நேரம் எடுக்கும். வண்டித் தவணை, ஊரில் லிண்டல் மட்டத்தில் நிற்கும் வீடு, நாத்தனார் ஆகிய மூன்றையும் மட்டும் தொடாமல் காத்திருந்தால் தானாகவே ஓடும்.

படி 7: காசிமேடு

மீன்பிடித் துறைமுகத்துக்கு ஷேர் ஆட்டோ கிடைக்கும். போகிற வழியில் ராயபுரம் ரயில் நிலையம். 1856-ல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இங்கிருந்துதான் வாலாஜாவுக்குப் புறப்பட்டது.

காசிமேட்டில் ஏலம், கூச்சல், கூடை கூடையாக வஞ்சிரம் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். மே மாதம் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன்கள் முட்டையிட்டுப் பெருக வேண்டும் என்பதற்காக. படகுகள் எல்லாம் தோளோடு தோள் உரசிக் கட்டிக் கிடக்கும். சில கரையேறிப் பெயின்ட் பூசிக்கொள்ளும். ஓரமாக உட்கார்ந்து வலையின் கிழிசலை முடிந்துகொண்டிருப்பவரிடம் இரண்டு வார்த்தை பேசுங்கள். மீனுக்குக் குடும்பம் நடத்த அரசாங்கம் 61 நாள் கொடுத்திருக்கிறதே என்று மனைவி அப்போது கேட்டால், பதில் சொல்ல முயல வேண்டாம். அது கேள்வி அல்ல.

படி 8: உழைப்பாளர் சிலை

வெயில் தாழ மெரினா. சுண்டல், மிளகாய் பஜ்ஜி, பலூன் சுடுதல் எல்லாம் அவரவர் விருப்பம். கடலைப் பார்த்து உட்கார்ந்தால் தொலைவில் உள்ளே போக முறை வராத கப்பல்கள் நங்கூரமிட்டுக் காத்திருப்பது தெரியும். அவற்றில் ஒன்று உங்கள் ஷிப்மென்ட்டாக இருக்கலாம். அதுவே காத்திருக்கும்போது உங்களுக்கென்ன அவசரம்?

மே 1 என்பதால் உழைப்பாளர் சிலையைப் பார்க்காமல் வரக் கூடாது. தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்தது, 1959-ல் நிறுவியது. நான்கு பேர் ஒரு பாறாங்கல்லை நெம்புகிறார்கள். அன்றிலிருந்து அதே நான்கு பேர், அதே பாறை. ரிலீவர் வரவே இல்லை. லைனில் ஒன்றுக்குப் போகக்கூட ரிலீவருக்குக் கை தூக்கி நின்ற யாருக்கும் அவர்கள் முகத்தில் இருக்கும் இறுக்கம் சட்டென்று புரியும். பக்கத்தில் நின்று செல்பி எடுங்கள். ஆனால் நெம்புவதுபோல் போஸ் கொடுக்காதீர்கள். இன்று உங்களுக்கு லீவு.

இந்தியாவிலேயே முதல் மே தினத்தை 1923-ல் சிங்காரவேலர் கொண்டாடியது இந்தக் கடற்கரையில்தான். ஒரு கூட்டம் திருவல்லிக்கேணிக் கடற்கரையில், ஒன்று ஹைகோர்ட் எதிரே இருந்த கடற்கரையில். சரியாக நூறு வருஷம் கழித்து, 2023 ஏப்ரலில், வேலை நேரத்தை 12 மணி வரை நீட்டிக்க வழிசெய்யும் திருத்தம் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்புக் கிளம்பியதும் நிறுத்திவைத்து, மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். அந்தத் திருத்தம் நடைமுறைக்கு வந்திருந்தால் இந்தக் கையேடும் தேவைப்பட்டிருக்காது. இரண்டு 12 மணி நேரத்தைக் கூட்டினால் 24. ஒருவர் உள்ளே போக, ஒருவர் வெளியே வர, பூட்டுச் சாவியை மட்டும் கைமாற்றிக்கொண்டால் போதும்.

படி 9: அத்தோ

திரும்பும் வழியில் பீச் ஸ்டேஷன் எதிரே பர்மா பஜார். 1962-ல் பர்மாவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு, கடையும் வீடும் பறிபோய், கப்பலேறி இதே துறைமுகத்தில் வந்து இறங்கிய தமிழர்களுக்காக 1969-ல் உருவான கடைவீதி. அதை ஒட்டிய தெருக்களில் சாயங்காலமானால் அத்தோ கடை போடுவார்கள்.

தள்ளுவண்டி முன்னால் நின்று பாருங்கள். ஆரஞ்சு நிற நூடுல்ஸை ஒரு பிடி அள்ளிப் பாத்திரத்தில் போடுவார். மெல்லிசாகச் சீவிய முட்டைகோஸ், பொன்னிறமாக வறுத்த வெங்காயம், பூண்டு எண்ணெய், புளித்தண்ணீர், மிளகாய்த் தூள் எல்லாம் அளவு பார்க்காமல் விழும். கடைசியில் மொறுமொறுப்பான பேஜோவை நொறுக்கிப் போட்டு, கையாலேயே நாலு பிசை பிசைந்து தட்டில் கவிழ்ப்பார். பக்கத்தில் கொதித்துக்கொண்டிருக்கும் வாழைத்தண்டு சூப்பில் ஒரு கிண்ணம். கீறி வெங்காயம் அடைத்த முட்டை வேண்டுமானால் தனி.

ஒரு தட்டுக்கு அவருக்கு எத்தனை விநாடி ஆகிறது என்று உங்கள் மனசு தானாகவே எண்ணத் தொடங்கும். அடக்குங்கள். வண்டியை இப்படித் திருப்பி, புளித்தண்ணீர்ச் சட்டியை வலப்பக்கம் வைத்தால் இரண்டு கை அசைவு மிச்சமாகுமே என்று யோசனையும் வரும். வாயைத் திறக்காதீர்கள். கம்பெனியில் யோசனை எழுதும் கைசன் போர்டில் எழுதிப் போட இது இடமில்லை. அப்புறம், உணவு இடைவேளை அரை மணி என்பது உங்கள் வயிற்றுக்கும் பழகியிருக்கும். சைரன் எதுவும் அடிக்காது. இன்னொரு தட்டு சொல்லலாம். தட்டைக் கழுவும் வரிசையைத் தேடி எழுந்து போகவும் வேண்டாம்.

படி 10: தரச் சோதனை

வீடு வந்து சேர ராத்திரி மணி பத்துக்கு மேலாகிவிடும். மறுநாள் ஏ ஷிப்ட் பஸ் விடியுமுன் வந்து நிற்கும். படுப்பதற்கு முன்னால் ஐந்து நிமிடம் ஒதுக்கி, நாள் ஓ.கே.வா ரிஜெக்டா என்று பார்த்துவிடுங்கள்.

எத்தனை இடம் பார்த்தீர்கள் என்பது கணக்கில் வராது. பார்த்தது ஒரு மதில், ஒரு பூட்டிய அருங்காட்சியகம், கட்டிப்போட்ட படகுகள், நகராத நான்கு பேர். டூரிஸ்ட் கணக்குப்படி இது முழு ரிஜெக்ட். எத்தனை போட்டோ எடுத்தீர்கள், எவ்வளவு செலவு என்பதும் வேண்டாம். அளக்க வேண்டியது ஒன்றே ஒன்று: இருவரும் ஒரே சமயத்தில் விழித்திருந்து, ஒருவர் சொல்ல ஒருவர் கேட்டது எத்தனை மணி நேரம்?

ரயிலில் தூங்கியதைக் கழித்துவிட்டால் பத்து மணி நேரம் தேறும். ஷிப்ட் எதிரும் புதிருமாக ஓடும் வீட்டில் பல வாரங்களைக் கூட்டினாலும் வராத எண் அது. அதற்காகத்தான் துறைமுகம். மகாபலிபுரமோ வண்டலூர் மிருகக்காட்சி சாலையோ படப்பை டீக்கடை பெஞ்சோகூடப் போதும்.

இந்த எண்ணிக்கையை வேறெங்கும் எழுதி வைக்காதீர்கள், முக்கியமாக யூனிட்டில் யாரிடமும் சொல்லாதீர்கள். ஒரே நாளில் பத்து மணி நேரம் எட்ட முடியும் என்று தெரிந்தால் வருஷம் முழுமைக்கும் இதுவே போதும் என்று டார்கெட்டை முடித்துவிடுவார்கள். மிச்சம் மூன்று லீவுக்கும் இப்போதே ஓ.டி. போட்டுவிடுவார்கள்.